ராணித்தலை வெள்ளி ரூபாய்: அசலா, போலியா?



நம்மில் பலர் வீட்டில் பாட்டி காலத்து வெள்ளி ரூபாய் ஒன்றிரண்டாவது இருக்கும். டிரங்குப் பெட்டியில் சேலை மடிப்புக்குள் இருக்கும், இல்லையென்றால் மஞ்சள் துணியில் முடிந்து சாமி மாடத்தில் இருக்கும். பெரும்பாலும் அது பெண்களின் சேமிப்பு. புருஷனுக்கும் தெரியாமல் நம் பாட்டிகள் சேர்த்து வைத்தது.

வெள்ளி விலை ஏற ஏற, ஊருக்குள் இரண்டு வகை ஆட்கள் வருகிறார்கள். ஒருவன் போலிக் காசை அசல் என்று சொல்லி நம்மிடம் விற்க வருகிறான். இன்னொருவன் நம்மிடம் இருக்கும் அசல் காசைப் பார்த்து, "இது டூப்ளிகேட்டும்மா, பாவம் பார்த்து நூறு ரூபா தர்றேன்" என்று வாங்கிப்போக வருகிறான். காசைப் பார்க்கத் தெரியவில்லை என்றால் இரண்டு பேரிடமும் ஏமாறுவது நாம்தான். அதனால்தான் இந்தப் பாடம்.

குழுக் கூட்டத்தில் ஊக்குநர் இதைச் சத்தமாகப் படிக்கட்டும். காசு வைத்திருப்பவர்கள் கையோடு கொண்டுவந்து பார்த்துக்கொண்டே கேளுங்கள்.

முதலில் மனதில் வைக்க வேண்டியது

எந்த ஒரு சோதனையும் "இது அசல்" என்று உறுதி சொல்லாது. "இது போலி" என்று மட்டும்தான் சொல்லும். அரிசியை முறத்தில் புடைக்கிறோம். உமி பறந்துவிடும், ஆனால் கல் நிற்கும். கல்லைக் கையால்தான் பொறுக்க வேண்டும். காசும் அப்படித்தான். ஒரு சோதனை ஒரு வகைப் போலியைத் தள்ளும், அதில் தப்பியது அடுத்த சோதனையில் மாட்டும். "காந்தம் இழுக்கலை, அதனால வெள்ளிதான்" என்று ஒருவர் சொன்னால் உடனே தலையாட்டிவிடக் கூடாது.

எந்தக் காசில் எவ்வளவு வெள்ளி?

வெள்ளைக்காரன் காலத்து ரூபாய் எல்லாமே ஒன்று அல்ல. மூன்று வகை உண்டு.

முதல் வகை: 1835 முதல் 1939 வரை ஆண்டு போட்ட ரூபாய். எடை 11.66 கிராம். அந்தக் காலத்துக் கணக்கில் சரியாக ஒரு தோலா. இதில் நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி, மீதி செம்பு. அதாவது ஒரு ரூபாயில் சுமார் 10.7 கிராம் சுத்த வெள்ளி இருக்கிறது.

இரண்டாம் வகை: 1940 முதல் 1945 வரை. இரண்டாம் உலகப்போர் நேரத்தில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்ததால் அரசாங்கம் வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டது. எடை அதே 11.66 கிராம்தான். ஆனால் வெள்ளி 5.83 கிராம் மட்டுமே. மீதி செம்பு, நிக்கல், துத்தநாகம்.

மூன்றாம் வகை: 1947 ஆண்டு ரூபாய். பின்பக்கம் புலி நிற்கும். இது முழுக்க நிக்கல், வெள்ளியே கிடையாது. 1946, 1947 ஆண்டு போட்ட அரை ரூபாய், கால் ரூபாயும் நிக்கல்தான். இவை போலி அல்ல, அரசாங்கக் காசுதான். ஆனால் "பழைய வெள்ளி" என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.

சில்லறை வெள்ளிக் காசுகளின் எடை: அரை ரூபாய் 5.83 கிராம். கால் ரூபாய் 2.92 கிராம். இரண்டணா 1.46 கிராம்.

சோதனை 1: ஆண்டும் முகமும் பொருந்துகிறதா?

இதற்குப் பத்து பைசா செலவில்லை. படிக்கிற பிள்ளைகளைக் கூப்பிட்டு, காசில் உள்ள ஆங்கில எழுத்தையும் ஆண்டையும் வாசிக்கச் சொல்லுங்கள்.

1835 காசில் வில்லியம் ராஜா. 1840 காசில் இளவயது விக்டோரியா ராணி, தலையில் கிரீடம் இருக்காது. இந்த இரண்டும் கிழக்கிந்தியக் கம்பெனி காசு.

1862 முதல் 1876 வரை கிரீடம் வைத்த விக்டோரியா. எழுத்தில் "குயின்" என்று இருக்கும். 1877 முதல் 1901 வரை அதே ராணி, ஆனால் "எம்பிரஸ்" என்று இருக்கும். 1877-ல்தான் அவர் இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று பட்டம் சூட்டிக்கொண்டார். ஆகவே 1870 என்று ஆண்டு போட்டு "எம்பிரஸ்" என்று எழுதியிருந்தால், அது எவனோ அடித்த காசு.

1903 முதல் 1910 வரை எட்வர்டு ராஜா. தலையில் கிரீடம் இல்லாமல், தாடியோடு இருப்பார். 1911 முதல் 1922 வரை ஐந்தாம் ஜார்ஜ், கிரீடமும் தாடியும் உண்டு. 1938 முதல் ஆறாம் ஜார்ஜ், கிரீடம் உண்டு, தாடி இல்லை.

1911 காசுக்கு ஒரு கதை உண்டு. ராஜாவின் அங்கியில் சின்னதாக ஒரு யானை உருவம் இருக்கிறது. தும்பிக்கை சரியாக விழாமல் அது பன்றி மாதிரி தெரிந்தது. ஜனங்கள் முகம் சுளித்தார்கள். அதனால் 1912 காசில் யானையைத் திருத்தி அடித்தார்கள்.

1939 என்று ஆண்டு போட்ட ரூபாய் மிகவும் அரிது. சேகரிப்பவர்கள் பெரிய விலை கொடுப்பதால் இதற்குத்தான் போலி அதிகம். 1938 காசின் கடைசி எண்ணைச் சுரண்டி 9 ஆக்கிவிடுவார்கள். யாராவது 1939 காசு என்று கொண்டுவந்தால் நூறு மடங்கு சந்தேகப்படுங்கள்.

சோதனை 2: எடை

இதுதான் முக்கியமான சோதனை. அடகுக்கடையிலோ நகைக்கடையிலோ இருக்கிற, புள்ளிக்குப் பின் இரண்டு எண் காட்டும் தராசில் நிறுக்க வேண்டும். மளிகைக்கடைத் தராசு உதவாது.

புதுக்கருக்கு மாறாத ரூபாய் 11.66 கிராம் காட்டும். கை மாறி மாறிப் புழங்கிய காசு தேய்ந்து 11.5, 11.4 என்று கொஞ்சம் குறையும். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தேய்மானம் எடையைக் குறைக்குமே தவிர கூட்டாது. ஆகவே 12 கிராம் காட்டினால் சந்தேகப்படுங்கள். (காது வைத்துப் பற்றவைத்த மாலைக் காசு என்றால் கூடுதல் எடைக்குக் காரணம் உண்டு.)

அடுத்து, எடைக் குறைவும் முகத் தேய்மானமும் சேர்ந்துதான் வர வேண்டும். ராணியின் தலைமுடி இழை இழையாகத் தெரிகிறது, கன்னம் வழவழப்பாகத் தேயவில்லை, ஆனால் எடை மட்டும் 10.5 கிராம் என்றால் கணக்கு உதைக்கிறது அல்லவா? தேயாமல் எடை எப்படிக் குறையும்? அது போலியாகத்தான் இருக்கும்.

எடையோடு அகலத்தையும் தடிமனையும் பாருங்கள். முதல் இரண்டு வகை ரூபாய்களின் குறுக்களவு 30 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். பித்தளை, செம்பு, ஜெர்மன் சில்வர் எல்லாம் வெள்ளியைவிட லேசானவை. (ஜெர்மன் சில்வர் என்று பெயர்தான், அதில் வெள்ளி துளியும் கிடையாது.) லேசான உலோகத்தில் அதே எடை வர வேண்டுமானால், காசை அகலமாக்க வேண்டும் அல்லது தடிமனாக்க வேண்டும். அதனால் நிச்சயமான அசல் காசு ஒன்றை வைத்துக்கொண்டு, இரண்டையும் சேர்த்து மேஜைமேல் நிறுத்தி விரலால் தடவிப் பாருங்கள். தடிமனில் வித்தியாசம் இருந்தால் விரலுக்கே தெரியும்.

சோதனை 3: காந்தமும் சத்தமும்

பழைய ஸ்பீக்கரில் இருக்கும் காந்தம் போதும். காந்தம் இழுத்தால் அது வெள்ளி இல்லை. இரும்பாகவோ நிக்கலாகவோ இருக்கும். இழுக்கவில்லை என்பதற்காக வெள்ளி என்று முடிவு கட்டாதீர்கள். செம்பு, பித்தளை, ஈயம் எதையும் காந்தம் இழுக்காது.

சத்தம் நம் தாத்தாமார்கள் செய்த சோதனை. காசை விரல் நுனியில் வைத்துச் சுண்டினால் வெள்ளி "ணிங்" என்று நீண்டு ஒலிக்கும். ஈயம் கலந்தது "டொக்" என்று அடங்கிவிடும். ஆனால் விரிசல் விட்ட அசல் காசும் ஒலிக்காது. 1940-க்குப் பிந்திய காசின் ஒலியும் வேறு மாதிரி இருக்கும். ஆகவே சத்தத்தை மட்டும் நம்பி எந்தக் காசையும் ஒதுக்கிவிட வேண்டாம்.

சோதனை 4: கண்ணால் பார்ப்பது

நல்ல வெளிச்சத்தில், முடிந்தால் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

அரசாங்க அச்சகத்தில் தகட்டை அச்சில் வைத்து ஓங்கி அழுத்திக் காசை அடித்தார்கள். அதனால் எழுத்தின் ஓரம் கூர்மையாக இருக்கும். போலி செய்கிறவர்கள் பலர் அசல் காசை அச்சாக எடுத்து, உருக்கிய உலோகத்தை அதில் ஊற்றுகிறார்கள். ஊற்றிய காசில் எழுத்து மழுங்கி, சோப்புக் கட்டியில் எழுதினது போல இருக்கும். மேலே ஊசி குத்தினாற்போலச் சின்னச் சின்னக் குழிகள் தெரியும்.

ஓரத்தைச் சுற்றிப் பாருங்கள். 1939 வரையிலான காசில் ஓரம் முழுக்க வரி வரியாக, சீராக இருக்கும். ஊற்றிய காசில் இரண்டு அச்சும் சேருகிற இடத்தில் நடுவில் ஒரு கோடு ஓடும். அதை அரம் வைத்து ராவியிருந்தால் அந்த இடத்தில் வரி மறைந்து மொட்டையாக இருக்கும். ஆனால் 1940-க்குப் பிந்திய ரூபாயின் ஓரத்தில் வரிகளுக்கு நடுவே ஒரு பள்ளமும் அதற்குள் பூவேலை போன்ற கோலமும் இருக்கும். கள்ளக்காசைத் தடுக்க அரசாங்கமே போட்ட பாதுகாப்பு அது. அதைப் பார்த்து ஒட்டு என்று நினைத்துவிடாதீர்கள். 1942, 1943 காசில் அது இல்லாவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும்.

இன்னொன்று. ஒருவன் பத்துக் காசு கொண்டுவந்தால் பத்தையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே ஆண்டு, ஒரே இடத்தில் ஒரே கீறல், ஒரே சொட்டை இருக்கிறதா? பத்துக் காசு பத்துப் பேர் கையில் புழங்கியிருந்தால் பத்து விதமாகத்தான் அடிபட்டிருக்கும். ஒரே தழும்பு எல்லாவற்றிலும் இருந்தால் எல்லாம் ஒரே அச்சில் ஊற்றியவை.

சோதனை 5: தண்ணீர்ச் சோதனை

புள்ளிக்குப் பின் இரண்டு எண் காட்டும் சின்னத் தராசு ஒன்று குழுவில் இருந்தால் இதை நாமே செய்யலாம்.

முதலில் காசை நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு சிறிய டம்ளரில் பாதித் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவாருங்கள். மெல்லிய நூலில் காசைக் கட்டி, தண்ணீருக்குள் முழுதும் மூழ்கும்படி தொங்கவிட்டுப் பிடியுங்கள். காசு டம்ளரின் அடியிலும் பக்கத்திலும் படக்கூடாது. காற்றுக்குமிழ் ஒட்டியிருந்தால் ஆட்டிவிடுங்கள். இப்போது தராசு ஒரு சின்ன எண்ணைக் காட்டும். காசின் எடையை அந்த எண்ணால் வகுங்கள்.

முதல் வகை ரூபாய்க்குத் தராசு சுமார் 1.13 காட்டும். 11.66-ஐ 1.13-ஆல் வகுத்தால் 10.3 வரும். பாதி வெள்ளி ரூபாய்க்கு சுமார் 9.5 வரும். பித்தளை, ஜெர்மன் சில்வர், செம்பு போன்றவற்றுக்கு எட்டரை முதல் ஒன்பது வரைதான் வரும். தேய்ந்த காசுக்கும் இந்தக் கணக்கு மாறாது. அதுதான் இதில் உள்ள நன்மை. ஈயத்தைக் கலந்து இந்தச் சோதனையை ஏமாற்ற முடியும். ஆனால் ஈயம் கலந்தது சத்தத்தில் மாட்டிக்கொள்ளும். முறம் உதாரணம் நினைவிருக்கட்டும்!

நகைக்கடையில் உலோகத்தின் அளவைக் காட்டும் மெஷின் இருந்தால் அதிலும் வைத்துப் பார்க்கலாம். ஆனால் அது மேல்பரப்பைத்தான் பார்க்கும். கெட்டியாக வெள்ளி முலாம் பூசியிருந்தால் அதுவும் ஏமாறும். எடையையும் தண்ணீர்ச் சோதனையையும் விட்டுவிடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை: சோதிக்கிறேன் என்று காசைப் புளி போட்டுத் தேய்ப்பது, சாம்பல் வைத்து விளக்குவது, அரம் போடுவது எதுவும் வேண்டாம். வெள்ளி கறுப்பது இயல்பு. தேய்த்துப் பளபளப்பாக்கிய காசுக்குச் சேகரிப்பவர்கள் விலையைக் குறைப்பார்கள்.

இந்தக் கதைகளை நம்ப வேண்டாம்

பானைக் கதை: "அம்மா, கடக்கால் தோண்டும்போது ஒரு பானை கிடைச்சுது. வெளிய சொன்னா போலீஸ் புடிச்சுக்கும். நீங்க நல்லவங்களா தெரியறீங்க. பாதி விலைக்குத் தர்றேன். வேணும்னா ஒரு காசை எடுத்துக்கிட்டுப் போய் பத்தர்கிட்ட காட்டிட்டு வாங்க." பத்தர் பார்ப்பார், அசல் வெள்ளி என்பார். அதுதான் தூண்டில் புழு. மாதிரிக்குத் தந்த ஒன்று மட்டும் அசல், பானையில் உள்ளதெல்லாம் போலி. எத்தனை காசு வாங்கினாலும் ஒவ்வொன்றையும் சோதிக்க வேண்டும்.

சரி, உண்மையிலேயே புதையல் என்றே வைத்துக்கொள்வோம். 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் கிடைத்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். ஆக, அசலாக இருந்தால் சட்டச் சிக்கல். போலியாக இருந்தால் பண நஷ்டம். இரண்டு பக்கமும் நமக்கு லாபம் இல்லை.

சாமி காசுக் கதை: ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம் அல்லது அனுமன், மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி, 1818, அணா என்று எழுதிய காசு. "இது அரிசியை இழுக்கும், லட்சக்கணக்கில் விலை போகும்" என்பார்கள். கம்பெனி அப்படி ஒரு காசை வெளியிடவே இல்லை. பிற்காலத்தில் யாரோ செய்து விற்றவை. அரிசியை இழுக்கும் காசு உலகத்தில் கிடையாது.

போன் கதை: "உங்க பழைய காசுக்கு ரிசர்வ் வங்கி லட்ச ரூபாய் தருது, முதல்ல கமிஷன் கட்டுங்க" என்று அழைப்பு வரும். ரிசர்வ் வங்கி பழைய காசை வாங்குவதும் இல்லை, விற்பதும் இல்லை, கமிஷன் கேட்பதும் இல்லை. 2021 ஆகஸ்டில் வங்கியே இதை அறிவித்து எச்சரித்தது. பணம் அனுப்பி ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மூடி மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது.

நாம் விற்கும்போது

அவசரத்துக்கு விற்க வேண்டிய நிலை வரலாம். தெருவில் வருபவரிடம் கொடுக்காமல், முதலில் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள்.

கணக்கு சுலபமாக வர, வெள்ளி கிராம் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். (அன்றைய விலையைப் பேப்பரில் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.) 1939 வரையிலான ரூபாய் ஒன்றில் சுத்த வெள்ளி 10.7 கிராம். ஆக வெள்ளி மதிப்பு மட்டும் 1,070 ரூபாய். 1940 முதல் 1945 வரையிலான காசு என்றால் 583 ரூபாய். கடைக்காரர் தன் கூலி, லாபம் என்று கொஞ்சம் குறைப்பார். அது நியாயம். ஆனால் ஆயிரம் ரூபாய்ப் பொருளை இருநூறுக்குக் கேட்டால் எழுந்து வந்துவிடலாம்.

"போலி" என்று சொன்னால் பயப்படாமல் கேளுங்கள்: "எப்படிச் சொல்றீங்க அண்ணே? எடை எவ்வளவு காட்டுது? என் கண்ணு முன்னாடி நிறுங்க." காசை உள்ளே எடுத்துப்போக விடாதீர்கள். உள்ளே போன காசும் வெளியே வந்த காசும் ஒன்றுதானா என்று நமக்கு எப்படித் தெரியும்? குறைந்தது இரண்டு கடையில் விசாரியுங்கள். ரசீது வாங்குங்கள்.

சாதாரணமாகக் கிடைக்கும் ஆண்டுக் காசுகள் பெரும்பாலும் வெள்ளி விலையை ஒட்டித்தான் போகும். உதாரணமாக 1862 என்ற ஆண்டையே பல வருஷம் போட்டு அடித்ததால் அந்தக் காசு நிறையவே கிடைக்கிறது. "பழசு, அதனால லட்சம்" என்ற ஆசையும் வேண்டாம், "பழசு, எதுக்கு ஆகும்" என்ற அலட்சியமும் வேண்டாம்.

குழுவாக நாம் செய்யக்கூடியது

வீட்டில் உள்ள ஒவ்வொரு காசின் ஆண்டு, எடை, அடையாளம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். செல்போனில் இரண்டு பக்கமும் ஓரமும் தெரியப் போட்டோ எடுத்து வையுங்கள். காசு மாறினால் கண்டுபிடிக்க அதுதான் சாட்சி.

பழைய காசு வாங்குவதற்காகக் குழுவில் உள்கடன் தருவதில்லை என்று தீர்மான நோட்டில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். தொழிலுக்கும் படிப்புக்கும் வைத்தியத்துக்கும் இருக்கிற பணம் பானைக்காரனுக்குப் போகக் கூடாது. சந்தேகமான ஆள் ஊருக்குள் வந்தால் அடுத்த குழுவுக்கும் சொல்லுங்கள். ரகசியம்தான் அவன் முதல். நாம் நாலு பேர் சேர்ந்து பேசினாலே அவன் வியாபாரம் படுத்துவிடும்.

கூட்டத்தில் கேட்க நான்கு கேள்விகள்

1. விக்டோரியா "எம்பிரஸ்" என்று எழுதிய 1875 ரூபாய் அசலா?

2. 1947 ரூபாயைக் காந்தம் இழுக்கிறது. அது கள்ளக்காசா?

3. 1904 ரூபாய், முகம் கொஞ்சமும் தேயவில்லை. எடை 10.4 கிராம். என்ன சொல்வீர்கள்?

4. ஒரு சகோதரியிடம் 1918 ரூபாய் ஐந்து இருக்கிறது. வெள்ளி கிராம் 100 ரூபாய் என்றால் வெள்ளி மதிப்பு எவ்வளவு?

விடைகள்: 1. இல்லை. 1876 வரை "குயின்" என்றுதான் இருக்கும். 2. இல்லை, அது நிக்கல் காசு. அரசாங்கம் வெளியிட்டதுதான், ஆனால் வெள்ளி கிடையாது. 3. தேயாமல் எடை குறையாது. போலி என்றே சந்தேகப்பட வேண்டும். தண்ணீர்ச் சோதனையும் செய்து பாருங்கள். 4. ஒரு காசுக்கு 10.7 கிராம் வீதம் 53.5 கிராம். மதிப்பு 5,350 ரூபாய். காசு தேய்ந்திருந்தால் சற்றுக் குறையும்.

நான்குக்கும் சரியான விடை சொன்ன சகோதரி, அடுத்த கூட்டத்துக்கு வராதவர்களின் வீட்டுக்குப் போய் இந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுக்கட்டும்.